மாமாவின் பழைய யமஹா மறுபடி உறுமியது

1973இல் ஹோகன் ஆண்டர்சன் மோனோஷாக் (பின்பக்கம் ஒற்றை ஷாக் அப்சார்பர்) யமஹாவில் 250 சிசி மோட்டோகிராஸ், அதாவது மண்தடப் பந்தய, உலகப் பட்டம் வென்ற கதையை மாமா ஆயிரம் முறை சொல்லியிருப்பார். அதே காலத்து மோகத்தில் அவர் வாங்கிய ஒய்இசட்125 மோட்டோகிராஸ் பைக், மலேசியாவில் புக்கிட் மெர்தாஜாம் வீட்டுப் பின்கட்டில் வருஷக்கணக்கில் துணி மூடிக் கிடந்தது.

கார்புரேட்டரைக் கழுவி, புதுப் பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்து உதைத்தேன். பிடித்துக்கொண்டது, ஆனால் திராட்டலை விட்ட பிறகும் அலறல் அடங்கவே இல்லை, கடைசியில் கார்புரேட்டர் வாயைத் துணியால் அடைத்துத்தான் நிறுத்தினேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேர். சரி, கலவையில் காற்று கூடுதல், எங்கோ இழுக்கிறது. இன்டேக் ரப்பரை மாற்றினேன், பலனில்லை (அதில் ஒரு ஞாயிறு வீண்).

"மேக்னட் பக்கம் பாருடா தம்பி," என்றார் மாமா. அந்தப் பக்க மூடியைக் கழற்றி, புல்லர் போட்டுக் காந்த ஃபிளைவீலை எடுத்தால், கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) பிஸ்கட் மாதிரி காய்ந்து உதட்டில் வெடித்திருந்தது. சீல் மேல் பொறித்திருந்த அளவைக் காட்டியதும் பட்டர்வொர்த் பேரிங் கடையில் அதே அளவு கிடைத்தது, சில வெள்ளிதான். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, நேராகத் தட்டி இறக்கினேன்.

இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்து, அலறாமல் ஐடிலில் சீராக ஓடியது. புகை வாசனை வந்ததும் மாமா பழைய ஹெல்மெட்டைத் தேடப் போய்விட்டார்.