சிரிய அகதிகளுக்கு நிதி திரட்ட அரபி படிக்கிறீர்களா?

'30 நாளில் அரபி பேசிக் காட்டுகிறேன், பணம் போடுங்கள்' என்று நண்பர்களிடம் சவால் விடப் போகிறீர்களா? சரி, முதலில் பாடநூல் அரபியை ஓரமாக வையுங்கள். அதில் நலம் விசாரிக்க 'கைஃப ஹாலுக்' என்பார்கள், சிரியாக்காரர்கள் வீட்டில் பேசும் ஷாமி வழக்கிலோ ஆணிடம் 'கீஃபக்', பெண்ணிடம் 'கீஃபிக்', அவ்வளவுதான். 28 எழுத்துகள், வலமிருந்து இடம், பழகிவிடும் (ஐன் எழுத்துக்குத் தொண்டை ஒத்துழைக்கத்தான் நாளாகும்!).

மொத்தமாகக் கேட்காமல், பாடத்துக்கு 10 ரூபாய் என்று பேசிக்கொள்ளுங்கள். வாராவாரம் ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்புங்கள், திக்கித் திணறினாலும் பரவாயில்லை, கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் பலர் பணம் போடுவார்கள். கடைசிப் பதிவு ஜூன் 20, உலக அகதிகள் தினத்தன்று வருகிற மாதிரி தொடங்குங்கள். அப்புறம், பணம் உங்கள் கணக்குக்கு வரவே வேண்டாம், சேர்ந்த தொகையை அவரவரே ஐ.நா. அகதிகள் முகமைக்கு நேராகக் கட்டிவிட்டு ரசீதை அனுப்பட்டும்.