பழைய பிஎல்டிசி ஃபேனில் பேட்டரி சார்ஜ் செய்யும் சின்னக் காற்றாலை

உங்கள் ஊரில் காற்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு, இந்தக் கணவாய்களுக்கு நேரே தோட்டமோ வீடோ இருந்தால் மே முதல் செப்டம்பர் வரை யோசிக்கவே வேண்டாம். சுற்றிலும் மாடி வீடுகள் எழும்பிய தெருவில் இருப்பவர்கள் அதே காசுக்கு ஒரு சோலார் பேனல் வாங்கிவிடுவது நல்லது, உண்மையாகவே சொல்கிறேன். காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள சக்தி எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 1 மீட்டர் விட்ட இறக்கை வட்டத்தில் வினாடிக்கு 5 மீட்டர் காற்று அடித்தால் அதில் இருப்பதே ஏறத்தாழ 60 வாட்தான், வீட்டில் செய்த இறக்கை அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்தாலே சரி. 12 வாட். பத்து மணி நேரம் அப்படி அடித்தால் ராத்திரிக்கு இரண்டு மூன்று எல்இடி பல்பும் போன் சார்ஜும் தாங்கும்.

கார் ஆல்டர்னேட்டர் வேண்டாம், அது நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சுற்று கேட்கும், சுருளுக்கு வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் இழுக்கும். போர்டு போய்விட்டதென்று ஓரம் கட்டிய பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) சீலிங் ஃபேன்தான் நமக்குத் தோது: உள்ளே நிரந்தரக் காந்தம், மெதுவாகச் சுற்றுவதற்கென்றே செய்தது, இறக்கை மாட்ட மூன்று இடமும் தயார். போர்டைக் கழற்றிவிட்டு காயிலிலிருந்து வரும் மூன்று ஒயரையும் ஏசியை டிசியாக மாற்றும் த்ரீ ஃபேஸ் பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் கொடுத்து, கையால் வினாடிக்கு இரண்டு சுற்று வேகத்தில் சுற்றி, மல்டிமீட்டரில் டிசி பாருங்கள். 6, 7 வோல்ட் வந்தால் 12 வோல்ட் பேட்டரிக்குப் பொருந்தும். ரொம்பக் குறைவென்றால் வேறு மோட்டார் தேடுங்கள்.

ஃபேனோடு வந்த இறக்கை காற்றைத் தள்ளச் செய்தது, அதை வைத்துப் பயனில்லை. 6 இஞ்ச் பிவிசி பைப்பை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, அடியில் அகலமாகவும் நுனியில் 2 இஞ்சாகவும் சாய்வாக அறுத்தால் தேவையான முறுக்கு ஓரளவு தானாகவே வந்துவிடும். காற்றை வெட்டும் விளிம்பை உருண்டையாகவும் பின் விளிம்பைக் கூர்மையாகவும் தேய்த்து, மூன்றையும் எடைபோட்டுச் சமப்படுத்துங்கள், இல்லாவிட்டால் கம்பமே ஆடும்.

இனி சொல்வதுதான் முக்கியம், இதை முடிக்காமல் இறக்கையை மாட்டாதீர்கள். சோலார் சார்ஜ் கண்ட்ரோலரைக் காற்றாலைக்கு அப்படியே போடக்கூடாது. பேட்டரி நிறைந்ததும் அது லைனைத் துண்டிக்கும், பேனலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, ஆனால் லோடு இல்லாத காற்றாலை வெறி பிடித்துச் சுற்றி இறக்கையை வீசியெறிந்துவிடும். ஆகவே காற்றாலை எப்போதும் பேட்டரியோடு சேர்ந்தே இருக்கட்டும். பேட்டரியில் தனியாக ஒரு வோல்டேஜ் ரிலே போர்டு மாட்டி, 14.4 வோல்ட்டில் 55 வாட் ஹெட்லைட் பல்பு எரியவும் 13.4க்கு இறங்கினால் அணையவும் செட் செய்தால் மிச்சக் கரண்ட் பல்பில் போய்விடும். கூடவே, மூன்று ஒயரையும் ஒன்றோடொன்று ஷார்ட் செய்ய ஒரு சுவிட்ச் வையுங்கள், அதுதான் பிரேக். பெருங்காற்று வருமுன்பே அதைப் போட்டுவிட வேண்டும், வேகம் ஏறிய பிறகு போட்டால் நிற்காது, காயில்தான் கருகும். பேட்டரி பாசிட்டிவ் முனையை ஒட்டி 10 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

வீட்டுச் சுவரில் கம்பத்தை இறுக்காதீர்கள், ராத்திரி முழுக்க அதிர்வு கேட்கும். பக்கத்து மரத்தையும் கூரையையும் தாண்டி உயரமாக, நான்கு பக்கமும் ஸ்டே கம்பி கட்டி, அடியில் கீல் வைத்து, கம்பத்தைச் சாய்த்து இறக்கும்படி செய்யுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் இறக்கிவிடலாம், பேரிங் மாற்றவும் மேலே ஏற வேண்டாம். ஈபி லைன் பக்கத்தில் போனால், கம்பம் சாய்ந்தாலும் தொடாத தூரத்தில் நடுங்கள். பேரிங்கை அதே எண்ணில் ரப்பர் சீல் போட்டதாக மாற்றி, மோட்டாருக்கு மேல் மழை படாமல் ஒரு மூடி கொடுங்கள். பின்னால் இருக்கும் வால் தகடு காற்றாலையைக் காற்றுப் பக்கம் திருப்பும்போது ஒயர் முறுக்கிக்கொள்ளும், அதற்கு ஸ்லிப் ரிங் (சுற்றினாலும் ஒயர் முறுக்காத வளைய இணைப்பு) தேடி அலைய வேண்டியதில்லை. ஒயரைப் பைப்புக்குள் தொங்கவிட்டு அடியில் ஒரு பிளக் வைத்தால் போதும், அவ்வப்போது பிரேக் போட்டுவிட்டுக் கழற்றி முறுக்கை எடுத்துவிடலாம்.