போன் எத்தனையாவது நொடியில் கட் ஆகிறது?

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பாத்திரக்கடை, அரிசி ஆலை, கிளினிக் என்று சின்ன அலுவலகங்களுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். இன்டர்நெட் வழியே பேசும் ஐ.பி. போன்களும் அதில் உண்டு. "ஐ.பி. போன் பேசிக்கிட்டே இருக்கும்போது கட் ஆயிடுது சார்" என்று யாராவது கூப்பிட்டால், ஸ்பீடைப் பற்றி நான் கேட்பதில்லை. குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 முறையில் போகும் சாதாரண அழைப்புக்கு ஒரு திசைக்கு நொடிக்கு 90 கிலோபிட் வரை போதும். ஸ்பீடு பற்றாவிட்டால் குரல் விட்டு விட்டுக் கேட்கும். குறித்த நேரத்தில் கட் ஆகாது. அதனால் பிளானை மாற்றிக் காசைக் கொட்டும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

சரியாக 32 நொடியில் கட் ஆனால் பாதி வேலை முடிந்தது. போனை எடுத்த பக்கம் '200 ஓகே' என்று அனுப்பும். அதற்கு 'ஏ.சி.கே.' என்ற பதில் வரவேண்டும். வராவிட்டால் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, 32 நொடி ஆனதும் அழைப்பை முடித்துவிடும். குரல் வேறு வழியில் போவதால் அதுவரை பேச்சு நன்றாகவே கேட்கும். அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் போன்கள் அனுப்பிக்கொள்ளும் எஸ்.ஐ.பி. செய்திக்குள் 192.168 என்று தொடங்கும் உள் முகவரி இருந்து, பதில் அங்கே போகப் பார்ப்பதுதான் பெரும்பாலும் காரணம். நெட்வொர்க்கில் போகும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பிடித்துப் பாருங்கள்: அரை நொடி, ஒரு நொடி, இரண்டு நொடி, அப்புறம் நான்கு நான்கு நொடி இடைவெளியில் அதே '200 ஓகே' வரிசையாக நிற்கும். ரவுட்டரில் 'எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.' இருந்தால் முதலில் அதை அணையுங்கள். செய்திக்குள் இருக்கும் உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றி உதவ வைத்த வசதி அது. ஆனால் முகவரியைத் தப்பாக மாற்றி எழுதிவிடுகிற ரவுட்டர்கள் நிறைய. அதற்கும் சரியாகாவிட்டால் போன் சர்வரில் வெளி முகவரியைச் சரியாகக் கொடுங்கள்.

15 நிமிடத்தை ஒட்டியோ 30 நிமிடம் நிறையும் முன்போ கட் ஆனால் அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் செஷன் டைமரைப் பாருங்கள். வழக்கமான அளவு 1800 நொடி. பாதியில் ஒரு புதுப்பிப்புச் செய்தி போகும். வேண்டாத போக்குவரத்தைத் தடுக்க வைத்த ஃபயர்வால் அதையும் தடுத்தால் பேச்சு முடிந்தது.

எடுத்ததிலிருந்தே ஒரு பக்கக் குரல் கேட்கவில்லையா? குரல் போய்வரும் ஆர்.டி.பி. போர்ட்டுகள் (எண்ணிட்ட வாசல்கள்) அடைபட்டிருக்கலாம். எஸ்.ஐ.பி. செய்திகளுக்கான 5060 போர்ட் மட்டும் திறந்தால் மணி அடிக்கும், குரல் வராது. போன் சர்வர் மென்பொருள் ஆஸ்டரிஸ்க் என்றால் குரலுக்குப் பெரும்பாலும் 10000 முதல் 20000 வரையுள்ள யு.டி.பி. (தகவல் அனுப்பும் ஒரு முறை) போர்ட்டுகள்.

வெளியே போகும் அழைப்பு போகிறது, சும்மா கிடந்த போனுக்கு மட்டும் மணி அடிக்கவில்லை என்றால், ஃபயர்வால் அந்த யு.டி.பி. தொடர்பை மறந்துவிட்டது. சிலவற்றில் 30 நொடியே போதும், மறப்பதற்கு. தொடர்பை மறக்கவிடாமல் போன் அவ்வப்போது அனுப்பும் 'கீப்-அலைவ்' செய்தியை 20 நொடிக்கு ஒருமுறை என்று வையுங்கள்.

நம் பக்கம் இன்னொன்றும் பார்க்கவேண்டும். கரண்ட் போய் வந்ததும் ஃபைபர் மோடத்துக்கு வேறு வெளி முகவரி கிடைத்திருக்கலாம். பழைய முகவரியை சர்வரில் கையால் எழுதியிருந்தால் அன்றிலிருந்து தொல்லைதான். ரவுட்டரின் 'வான்' (WAN, வெளி இணைப்பு) முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், இன்டர்நெட் நிறுவனமே உங்களை இன்னொரு 'நாட்' (NAT, உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் அமைப்பு) பின்னால் வைத்திருக்கிறது; அது உங்கள் கையில் இல்லை. வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் கருவிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் செய்து பயனில்லை. கிளைகளுக்கு நடுவே வி.பி.என். (இன்டர்நெட் வழியே போகும் தனிப் பாதை) போடுங்கள்.

சோதனைக்கென்று ஃபயர்வாலை மொத்தமாக அணைத்து அப்படியே விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. திறந்து கிடக்கும் 5060-ஐத் தேடி இரவு பகலாக ஆட்கள் தட்டுகிறார்கள். உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசிவிட்டுப் போவார்கள். உங்கள் சேவை நிறுவனத்தின் முகவரிக்கு மட்டும் திறங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு இரு திசையிலும் கூப்பிட்டு, ஒரு அழைப்பை 40 நொடியும் இன்னொன்றை 35 நிமிடமும் வைத்துப் பாருங்கள்.