மளிகை பட்ஜெட்டில் துண்டு விழுவது எங்கே? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாத மளிகைக்கு இவ்வளவு என்று ஒதுக்கி வைத்துவிட்டு, இருபதாம் தேதி வாக்கிலேயே கை வறண்டு நிற்கும் வீடுகள் ஏராளம். அப்போது எல்லோரும் பழி போடுவது மாதத் தொடக்கத்தில் போட்ட பெரிய பில்லின் மேல்தான். தொகை பெரியது, கண்ணை உறுத்துகிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பல மாதக் கணக்கை நோட்டில் எழுதிப் புரட்டிப் பார்த்த பிறகு வேறொன்று பிடிபட்டது. அந்தப் பெரிய பில் மாதாமாதம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. துண்டு விழுந்ததெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான். முன்னால் தொகையைத் தீர்மானிக்கும்போதே செய்த பிழை. பின்னால் “ஒரே ஒரு சாமான்தானே” என்று கடைக்குப் போய்வந்த சின்னச் சின்ன நடைகள்.

ஆசைப்பட்ட தொகையை பட்ஜெட் என்று எழுதுவது

“போன மாதம் ரொம்பப் போய்விட்டது, இந்த மாதம் முக்கால்வாசிக்குள் முடிக்கணும்” என்று ஒரு தொகையை எழுதுகிறோம். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. எதையும் அளந்து பார்க்காமல், மனதுக்குப் பிடித்த ஒரு எண்ணை எழுதியிருக்கிறோம். டேனியல் கானமன், ஏமஸ் ட்வர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் மனிதர்களின் இந்தப் போக்கைத் திட்டமிடல் பிழை என்று விவரித்தார்கள். கடந்த முறை உண்மையில் என்ன நடந்தது என்பதைத் தள்ளி வைத்துவிட்டு, எல்லாம் நல்லபடி நடந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து அதையே திட்டமாக்கிக்கொள்கிறோம். மளிகைக் கணக்குக்கு இது அப்படியே பொருந்தும்.

செய்ய வேண்டியது எளிது, கொஞ்சம் பொறுமைதான் தேவை. 3 மாதம் எதையும் குறைக்காமல், எப்போதும் போல வாங்கி, ஒவ்வொரு பில்லையும் அன்றன்றே எழுதுங்கள். அந்த 3 மாதச் சராசரிதான் உங்கள் வீட்டின் நிஜமான தொகை. குறைப்பதாக இருந்தால் அங்கிருந்து நூற்றுக்கு ஐந்தோ பத்தோ குறைக்கலாம். முதல் மாதமே கால்வாசியை வெட்டிய எந்த பட்ஜெட்டும் மூன்றாம் மாதம் வரை வந்து நான் பார்த்ததில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழை நாள்காட்டியில் இருக்கிறது. வாரத்துக்கு இவ்வளவு ஆகும், மாதத்துக்கு நாலு வாரம் என்று பெருக்குகிறோம். நாலு வாரம் என்றால் 28 நாள். 12 மாதத்துக்கு 336 நாள். மீதி 29 நாளும் வீட்டில் அடுப்பு எரியத்தானே செய்கிறது? ஏறக்குறைய ஒரு மாதச் சாப்பாடு கணக்கிலேயே வரவில்லை. 52 வாரத்தை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதத்துக்கு 4.33 வாரம். வாரச் செலவு 100 என்றால் மாதத்துக்கு 400 போதாது, 433 வேண்டும். மாதக் கடைசி இரண்டு மூன்று நாள் எப்போதும் இழுபறியாக இருக்கிறதென்றால், ஊதாரித்தனம் என்று உங்களையே நொந்துகொள்வதற்கு முன் இந்தப் பெருக்கலைச் சரிபாருங்கள்.

எது மளிகை, எது மளிகை இல்லை

சோப்பு, துணி துவைக்கும் பவுடர், குழந்தைக்கான டயப்பர், வீட்டு நாய்க்கான தீனி. இவையெல்லாம் ஒரே கடையில், ஒரே பில்லில் வருகின்றன. ஒரு மாதம் இவற்றை மளிகையில் சேர்த்து, அடுத்த மாதம் வேறு தலைப்பில் எழுதினால் இரண்டு மாதத் தொகையையும் ஒப்பிடவே முடியாது. சேர்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். ஒருமுறை முடிவு செய்ததை மாற்றாமல் இருந்தால் போதும்.

3 மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்கும் சாமான்களும் உண்டு. அவற்றில் நாலைந்து ஒரே மாதத்தில் சேர்ந்து வந்தால் அந்த மாதம் கையைக் கடிக்கும். வருடத்துக்கு அவற்றுக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்த்து, 12-ஆல் வகுத்து, மாதாமாதம் தனியாக எடுத்து வைப்பது நல்லது. விருந்தாளி வருகை, வீட்டு விசேஷம் இவற்றுக்கும் இதே வழிதான். இவை எதிர்பாராத செலவுகள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். வருடம் தவறாமல் வருவதை எதிர்பாராதது என்று எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு சாமானுக்காகக் கடைக்குப் போவது

இதுதான் என் கணக்கு நோட்டில் மிகப் பெரிய ஓட்டையாக இருந்தது.

ஒரு காலத்தில் கடையில் சாமான்கள் எல்லாம் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும். நாம் பட்டியலைச் சொல்வோம், கடைக்காரர் எடுத்துக் கட்டிக் கொடுப்பார். 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர், வாங்க வருபவரே உள்ளே நடந்து சாமான்களை எடுத்துக்கொள்ளும் கடையைத் திறந்தார். 1937-இல் அதே நாட்டின் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மன் தன் கடைகளில் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். கையில் தூக்கும் கூடை கனத்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் அவருக்கு இருந்த கவலை. பழைய ஏற்பாட்டில் பட்டியல் முதலில் வந்தது, சாமான் பிறகு வந்தது. இன்றைக்குச் சாமான் முதலில் கண்ணில் படுகிறது. வீட்டுக்குத் தேவையா என்ற கேள்வி அதன் பிறகுதான் வருகிறது, சில நாள் வருவதே இல்லை. அன்றாடம் தேவைப்படும் பால் போன்றவற்றைப் பல கடைகளில் கடைசி மூலையில் வைத்திருப்பார்கள். அதை எடுக்க மற்ற எல்லாவற்றையும் தாண்டி நடந்தாக வேண்டும்.

ஒரு சாமானுக்காகப் போய் நாலு சாமானோடு திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 12 நடை என்றால் பட்டியலில் இல்லாத 36 சாமான் வீட்டுக்கு வந்திருக்கும். ஒவ்வொன்றும் சின்னத் தொகை என்பதால் நோட்டில் ஏறாமலே போய்விடும்.

இனிமேல் இடையில் கடைக்கே போக மாட்டேன் என்று சபதம் எடுப்பது பலன் தராது. காய்கறியும் பாலும் மாதத்துக்கு ஒருமுறை வாங்கும் பொருள்களா? ஆகவே நடைகளுக்கு ஒரு எண்ணிக்கை வையுங்கள். வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு, நாளைக் குறித்து. அந்த நடைகளுக்கான பணத்தை மாதத் தொடக்கத்திலேயே தனி உறையில் போட்டுவிடுங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். கையில் முழுத் தொகையும் இருக்கும் முதல் வாரத்தில் தாராளமாக வாங்கிவிட்டு, பின்பாதிக்குப் பசுமையான பொருள்கள் வாங்கக்கூட மிச்சம் இல்லாமல் தவிக்கிறார்கள்.

இந்த நடைகள் ஏன் ஏற்படுகின்றன என்று யோசித்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. சாமான் முழுக்கத் தீர்ந்த பிறகுதான் கவனிக்கிறோம். எங்கள் வீட்டில் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். பாக்கெட் காலியானதும் எழுதாமல், கடைசிப் பாக்கெட்டைப் பிரிக்கும்போதே சமையலறைச் சுவரில் மாட்டிய தாளில் எழுதிவிடுவது. பிரித்தவர் யாரோ அவரே எழுத வேண்டும். அவசர நடைகள் பாதிக்கு மேல் குறைந்தன. மற்ற எந்த உத்தியும் எங்களுக்கு இவ்வளவு கைகொடுத்ததில்லை.

போனில் ஆர்டர் போட்டால் கடைக்கு நடப்பது மிச்சம், செலவு மிச்சமாகும் என்று சொல்ல முடியாது. டெலிவரி கட்டணத்தைத் தவிர்க்க, குறிப்பிட்ட தொகை வரும்வரை தேவையில்லாததைச் சேர்த்துக்கொண்டே போவது இதன் தனிப் பிழை. கட்டணம் எவ்வளவு, அதைத் தவிர்க்கச் சேர்த்த சாமானின் விலை எவ்வளவு என்று ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பாக்கெட்டின் விலையைப் பார்ப்பது, அளவைப் பார்க்காமல் விடுவது

பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கை பாதி உண்மைதான். கிலோவுக்கு, லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சில நேரம் சின்னப் பாக்கெட்டே ஜெயிக்கும். 500 கிராம் பாக்கெட்டை 450 கிராமாக்கி அதே விலைக்கு விற்றால், விலை 11 சதவீதம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். விலைப்பட்டியலில் எந்த மாற்றமும் தெரியாது.

சமையல் எண்ணெயில் இன்னொரு நுட்பம். 1 லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 முதல் 920 கிராம்தான். ஒரு பாக்கெட்டில் 1 லிட்டர் என்றும் இன்னொன்றில் 1 கிலோ என்றும் போட்டிருந்தால் இரண்டும் ஒன்றல்ல. கிலோ பாக்கெட்டில் கிட்டத்தட்ட 90 மில்லி கூடுதலாக இருக்கும். விலையை ஒப்பிடும் முன் அளவை ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆஃபர்களும் இப்படித்தான். “இரண்டாவது பாதி விலை” என்பது பாதித் தள்ளுபடி போலக் கேட்கும். கணக்குப் போட்டால் மொத்தத்தில் 25 சதவீதம்தான். “இரண்டின் விலைக்கு மூன்று” என்பது 33 சதவீதம். எதுவானாலும், காலாவதி ஆவதற்குள் வீட்டில் தீரும் பொருளுக்கு மட்டுமே அது தள்ளுபடி.

குப்பைக்குப் போவதைக் கணக்கில் எழுதாமல் விடுவது

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. ஆளுக்குச் சராசரியாக வருடத்துக்கு 79 கிலோ. இதில் சாப்பிட முடியாத தோல், எலும்பு போன்றவையும் அடங்கும். அதைக் கழித்தாலும் மனதைச் சுடும் அளவுதான். அந்த உணவுக்கெல்லாம் யாரோ ஒருவர் தன் மாத பட்ஜெட்டிலிருந்து பணம் கொடுத்து முடித்திருக்கிறார்.

ஒரு மாதம், தூக்கிப் போட்ட ஒவ்வொன்றையும் அதன் விலையோடு எழுதிப் பாருங்கள். எந்தப் பொருளை அளவுக்கு மீறி வாங்குகிறீர்கள் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் நகர்த்துங்கள். ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பொருள் சீக்கிரம் கெடும். பாக்கெட்டில் இருக்கும் தேதியையும் நின்று படியுங்கள். “இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்” என்றிருந்தால் அது பாதுகாப்பைப் பற்றியது, மீறக்கூடாது. “இந்தத் தேதி வரை தரமாக இருக்கும்” என்றிருந்தால் அது சுவையும் மணமும் பற்றியது. மறுநாளே அப்படியே குப்பையில் போட வேண்டியதில்லை.

வெட்டக்கூடாத இடத்தில் வெட்டுவது

பட்ஜெட்டுக்குள் நிற்க வேண்டும் என்ற பதற்றத்தில் முதலில் கைவைப்பது பழம், காய்கறி, முட்டை போன்றவற்றில்தான். தின்பண்டங்கள் பத்திரமாக இருக்கும். வளரும் பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் இப்படிச் செய்யவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு விதமும் உண்டு. மளிகையைக் குறைத்துவிட்டு, வீட்டில் சமைக்க ஒன்றும் இல்லாமல் வெளியில் சாப்பிடுவது. மளிகைக் கணக்கு அழகாக இருக்கும். அந்தப் பணம் வேறு தலைப்பில் ஒளிந்துகொண்டிருக்கும். வெளிச் சாப்பாட்டையும் மளிகையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால்தான் உணவுக்கு ஆகும் உண்மைச் செலவு தெரியும்.

அடுத்த வீட்டின் தொகையோடு ஒப்பிடுவதும் வீண். ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-லேயே குடும்பக் கணக்குகளை ஆராய்ந்து, வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடுகிறது என்று காட்டினார். குறைந்த வருமானத்தில் வாழும் ஒருவர் வருமானத்தில் பாதியைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தால், கட்டுப்பாடு இல்லாதவர் என்று அவரைச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

கணக்கு ஒருவரிடம், செலவு எல்லோரிடமும்

பெரும்பாலான வீடுகளில் நோட்டு ஒருவர் கையில் இருக்கும். சாமான் வாங்குவது மூன்று பேர். மீதி எவ்வளவு இருக்கிறது என்று மற்ற இருவருக்கும் தெரியவே தெரியாது, மாதக் கடைசியில் திட்டு மட்டும் கிடைக்கும். மீதித் தொகையை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி வையுங்கள். கணக்கு வைத்திருப்பவர் சுமக்கும் தனிமையும் இதனால் குறையும். அது சின்ன விஷயம் இல்லை.

பழைய தொகையைப் பிடித்துக்கொண்டே இருப்பது

நீங்கள் தவறாமல் வாங்கும் 15 சாமான்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் விலையை அளவோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே 15-ஐ அதே அளவில் கூட்டிப் பாருங்கள். 100-க்கு வாங்கியது 106 ஆகியிருந்தால், உங்கள் வீட்டு விலைவாசி 6 சதவீதம் ஏறியிருக்கிறது. அப்போது பட்ஜெட் தொகையை உயர்த்துவதுதான் நியாயம். அப்படியே வைத்துக்கொண்டு மாதாமாதம் மீறுவதால், மீறுவது பழகிப்போய் அந்த எண்ணுக்கே மதிப்பில்லாமல் போகிறது.

இத்தனைக்குப் பிறகும் சில மாதம் துண்டு விழத்தான் செய்யும். விழுந்த தொகையை முழுக்க அடுத்த மாதத்தில் கழிக்காதீர்கள்; அந்த மாதமும் சேர்ந்து சரியும். மூன்றாகப் பிரித்து 3 மாதத்தில் ஈடுகட்டுங்கள். பக்கத்தில் காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள்: விலை ஏறியதா, விருந்தாளி வந்தார்களா, நடைகள் கூடினவா, வாங்கியது கெட்டுப்போனதா. ஆறு மாதம் எழுதிய பிறகு அந்த வரிகளை மட்டும் சேர்த்துப் படித்தால், அதில் ஏதோ ஒரு காரணம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அடுத்து எதைச் சரிசெய்வது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.