கெப்பாசிட்டர் சோதிக்க எந்த மீட்டர்?

மல்டிமீட்டரில் 1000 மைக்ரோஃபாரட் என்று சரியாகக் காட்டும் கெப்பாசிட்டரும் பழுதாக இருக்கலாம். ஈஎஸ்ஆர் என்கிற உள்தடை ஏறியிருந்தால், கொள்ளளவை மட்டும் அளக்கும் மீட்டருக்கு அது தெரியாது. எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் முறையில் இயங்கும் பவர் சப்ளை) ரிப்பேர்தான் அதிகம் என்றால், 100 கிலோஹெர்ட்ஸில் அளக்கும் எல்சிஆர் மீட்டராக (இண்டக்டன்ஸ், கொள்ளளவு, தடை மூன்றையும் அளப்பது) பார்த்து வாங்குங்கள். 1 கிலோஹெர்ட்ஸோடு நிற்பது இதற்குப் போதாது.

மலிவான டிரான்சிஸ்டர் டெஸ்டர் போர்டு, எந்தக் கால் எது என்று தெரியாத டிரான்சிஸ்டரை அடையாளம் காண அருமை. ஆனால் சார்ஜ் மிச்சமிருக்கும் கெப்பாசிட்டரைச் செருகினால் போர்டிலுள்ள மைக்ரோகன்ட்ரோலர் சிப் போய்விடும். முதலில் சார்ஜை இறக்குங்கள்: 400 வோல்ட், 100 மைக்ரோஃபாரட் என்றால் 2.2 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பு உள்ள கிளிப்பால் இரு கால்களுக்கும் குறுக்கே சில வினாடி மாட்டுங்கள். மல்டிமீட்டரில் வோல்டேஜ் பூஜ்யமான பிறகே செருகுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது வேண்டவே வேண்டாம்.