மிக்ஸியின் கார்பன் பிரஷ்ஷை மாற்றும் முறை

ரங்கூனில் நம் வீடுகளில் சட்னிக்கும் மசாலாவுக்கும் அன்றாடம் ஓடும் மிக்ஸி விட்டுவிட்டு ஓடினாலோ, ஒரு தட்டு தட்டினால்தான் கிளம்புகிறது என்றாலோ, மோட்டார் எரிந்துவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் தேய்ந்திருப்பவை, சுழலும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் சிறு கரித் துண்டுகளான இரண்டு கார்பன் பிரஷ்கள்தாம்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மின்வெட்டு நேரத்தில், கரண்ட்தான் இல்லையே என்று பிளக் மாட்டியபடியே அடிமூடியைக் கழற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த நொடியிலும் 230 வோல்ட் திரும்பி வரும் என்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

மூடியைத் திறந்தால், செம்புப் பட்டைகள் வரிசையாகப் பதித்த உருளை தெரியும். அதுவே கம்யூட்டேட்டர். அதன் இருபுறமும் பித்தளைக் கூட்டுக்குள் ஸ்பிரிங் அழுத்த, பிரஷ்கள் உட்கார்ந்திருக்கும். கம்பிகள் இருக்கும் இடத்தைப் படமெடுத்துக்கொண்டு பிரஷ்களை உருவுங்கள். நீளம் 5 மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பழையதைக் கடைக்கு எடுத்துச் சென்று, அகலமும் கனமும் ஒத்துப்போவதையே வாங்குங்கள். புதியது கூட்டுக்குள் தடையின்றி நழுவ வேண்டும், ஆனால் ஆடக்கூடாது. ஆடினால் பொறி பறக்கும்.

இனிக் கம்யூட்டேட்டரைப் பாருங்கள், ஏனெனில் பலர் தவறவிடும் இடம் இதுதான். பழுப்பு நிறத்தில் மினுமினுப்பாக இருந்தால் அதைத் தொட வேண்டாம். அது நல்ல அறிகுறி. கரி படிந்து சொரசொரப்பாக இருந்தால், நைசான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, பட்டைகளின் இடுக்கில் அடைந்த தூளைப் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிடுங்கள். எமரித் தாள் கூடவே கூடாது. அதன் துகள் மின்சாரத்தைக் கடத்துவதால், இடுக்கில் தங்கி பட்டைகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும். பட்டைகள் குழிவிழுந்தோ தளர்ந்தோ இருந்தால் புதிய பிரஷ்ஷும் சில வாரங்களில் தேய்ந்துபோகும். ஆகையால் ஆர்மேச்சரை, அதாவது கம்பிச் சுருளும் கம்யூட்டேட்டரும் சேர்ந்த சுழலும் பாகத்தை, வைண்டிங் கடையில் காட்டுவதே நல்லது.

பழைய பிரஷ்ஷின் முனை உருளையின் வளைவுக்கேற்பக் குழிந்து பளபளப்பதைக் கவனித்திருப்பீர்கள். புதியதற்கும் அந்த வளைவு வர, உப்புத்தாளின் சொரசொரப்பான பக்கம் பிரஷ்ஷை நோக்கியிருக்குமாறு கம்யூட்டேட்டரில் சுற்றி, பிரஷ்களைக் கூட்டில் பொருத்தி, கையால் சிலமுறை திருப்பி, தாளை எடுத்துவிட்டு, தூளை ஊதிவிடுங்கள்.

மூடியை மாட்டியபின், வெறும் ஜாருடன் குறைந்த வேகத்தில் அரை நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு, நான்கைந்து முறை ஓட்டுங்கள். சிறு நீலப்பொறிகள் தெரிவது இயல்பு. உருளையைச் சுற்றி நெருப்பு வளையம் போல் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். பழுது பெரும்பாலும் ஆர்மேச்சரில் இருக்கும்.