சிஎன்சி மிஷின் ஆக்சிஸ்ல சத்தம் வந்தா உடனே பால் ஸ்க்ரூவுக்கு ஆர்டர் போடாதீங்க

பினாங்கு பிறையில நான் முன்ன வேலை பாத்த ஒரு கடையில பழைய சிஎன்சி மில்லிங் மிஷின் ஒன்னு, எக்ஸ் ஆக்சிஸ் (டேபிள் இடவலமா நவுர்றது) ஓடுனாலே கர்ர்ர்னு சத்தம். தவுக்கே (முதலாளி) காது வச்சு கேட்டாரு, டேபிள நவுத்துற பால் ஸ்க்ரூ போச்சுன்னாரு, ஆர்டரும் போட்டாச்சு. கடைசில கவர கழட்டி பாத்தா உள்ள சிப்ஸ் (வெட்டுன உலோகச் சீவல்) அடைஞ்சு கெடக்கு, அத வழிச்சு தள்ளுற வைப்பர் கிழிஞ்சு தகரத்தோட தகரம் உரசுது, அவ்ளோதான் லா. புது ஸ்க்ரூ பெட்டிய பிரிக்காமலே ஸ்டோர்ல தூங்குது.

சத்தம் எங்க பெருசா கேக்குதோ அங்கதான் கோளாறுன்னு நெனைக்கிறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. வார்ப்பிரும்பு பாடி சத்தத்த எங்கெங்கயோ கடத்திட்டு போகும். முதல்ல கவர் பாருங்க, அப்புறம் மோட்டரயும் ஸ்க்ரூவயும் இணைக்கிற கப்ளிங்க லூஸ் பண்ணி மோட்டர மட்டும் ஜாக் மோடுல (பட்டன அமுக்கி கைமுறையா நவுத்துறது) ஓட்டுங்க (டேபிள் எங்க இருக்குன்னு நேரா அளக்கற லீனியர் ஸ்கேல் இருக்கற மிஷின்னா அலாரம் அடிக்கும், அதுல இது வேணாம்). அப்பவும் சத்தம் இருந்தா மோட்டர் பக்கம், நின்னுடுச்சுன்னா பவர ஆஃப் பண்ணிட்டு ஸ்க்ரூவ கையால சுத்தி பாருங்க, எங்க கரகரன்னு இருக்குன்னு விரலுக்கே தெரியும். ஆனா கழட்டறதுக்கு முன்னாடி கப்ளிங்ல மார்க்கர்ல கோடு போட்டுடுங்க, இல்லன்னா ஹோம் பொசிஷன் (மிஷினோட தொடக்கப் புள்ளி) மாறிடும். மேல கீழ போற இசட் ஆக்சிஸ்னா ஹெட்டுக்கு அடியில கட்டை முட்டு குடுக்காம கப்ளிங்ல கையே வைக்காதீங்க, பிரேக் மோட்டர்லதான இருக்கு, கப்ளிங் கழண்டா ஹெட்டு சரசரன்னு எறங்கிடும்.

இன்னொன்னு, கணக்கு போடாம விடறது. ஸ்க்ரூ லீட் (ஒரு சுத்துக்கு நவுர்ற தூரம்) 10 மில்லிமீட்டர், ஃபீட் (நவுர்ற வேகம்) நிமிஷத்துக்கு 600 மில்லிமீட்டர்னா ஸ்க்ரூ செகண்டுக்கு ஒரு சுத்து, அதே கணக்குல டொக் டொக்னு தட்டுனா ஸ்க்ரூவோட சுத்துற ஏதோ ஒன்னு. ஓடும்போது எப்பவும் ஒரே எடத்துல மட்டும் வந்தா அந்த எடத்துல தேய்மானம், பெரும்பாலும் டேபிள் நடுவுல, ஏன்னா வேலைத்துண்ட புடிக்கிற வைஸ் எப்பவும் அங்கதான இருக்கு. ஆக்சிஸ் நிக்கும்போதே உம்ம்னு முனகுனா அது சர்வோ (மோட்டர கட்டுப்படுத்துற சிஸ்டம்) சமாச்சாரமா இருக்கலாம், ஆனா கெயின (சர்வோ எவ்ளோ வேகமா பதில் குடுக்கணும்ங்கற செட்டிங்) கொறச்சு சத்தத்த அமுக்கிட்டு ரிப்பேர் ஆயிடுச்சுன்னு சொல்றது ஏமாத்து வேலை.

லூப் டேங்க்ல (ஸ்லைடுக்கு எண்ணெய் குடுக்கற தொட்டி) எண்ணெய் கொறையவே இல்லன்னு சந்தோசப்படாதீங்க, லைன் அடைச்சிருக்கலாம். மிஷின் ஸ்லைட்வே ஆயில் 68 (ஸ்லைடுக்குன்னே உள்ள எண்ணெய், 68 அதோட கெட்டித்தன்மை நம்பர்) கேட்டா, கையில இருக்குன்னு ஹைட்ராலிக் ஆயில ஊத்தறதும் வேணாம், பாக்ஸ் வே (பால் இல்லாம வழுக்கி நவுர்ற தடம்) மெதுவா போகும்போது வெட்டி வெட்டி நவுரும்.

ஸ்க்ரூ முனைய தாங்குற சப்போர்ட் பேரிங்தான்னு உறுதியாயிட்டா செட்டாவே மாத்துங்க, பழசு எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துட்டு கழட்டுங்க, ஒன்ன திருப்பி மாட்டிட்டா ப்ரீலோட் (பேரிங்க இறுக்கி வச்சிருக்கற அழுத்தம்) போயி பேக்லாஷ் (திசை மாறும்போது வர்ற ஆட்டம்) வந்து நிக்கும்.